ஸ்பிரிங்வெளியில் காணாமற்போன நீலக் கோப்பு

காலை 6.10.

மேனுஷா அலுமாரியைத் திறந்தாள். முந்தின நாள் மாலை மேல்தட்டில் அவளே வைத்த நீலக் கோப்பு அங்கே இல்லை.

கீழ்த்தட்டிலும் இல்லை. சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். அம்மாவின் கடவுச்சீட்டு, எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த வட்டு, வெளிநாட்டு மையத்திலிருந்து வந்த அனுமதிக் கடிதம் மூன்றும் அந்தக் கோப்புக்குள் இருந்தன. ஏழு மணிக்கு வான் வரும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில், தூதரகத்தில் விசா நேர்முகம்.

"அம்மா, நீல ஃபைல யாராச்சும் எடுத்தாங்களா?"

கட்டிலில் கனகம் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "எனக்கென்ன தெரியும்" என்றாள்.

வீடு முழுக்கத் தேடினார்கள். 6.40க்கு மேனுஷாவின் அப்பா ஜெயராசா பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்.

காலை 8.20.

சப் இன்ஸ்பெக்டர் மபாஸ் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த அந்த உத்தியோகத்தர் குடியிருப்புக்கு வந்தபோது வான் வாசலில் நின்றுகொண்டிருந்தது. மூன்று நாளாக மண்சரிவுக் கடமையில் இருந்தவர். சப்பாத்தில் செம்மண் காய்ந்திருந்தது. படியில் அதைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குச் சத்தமாகப் பேசும் பழக்கம் இல்லை.

"மொதல்ல யாரு பார்த்தது?"

"நான்தான் சார்" என்றாள் மேனுஷா. வயது இருபத்தைந்து.

"அலுமாரி பூட்டியிருந்துச்சா?"

"பூட்டித்தான் இருந்துச்சு. சாவியப் போட்டுத்தான் தொறந்தேன்."

"சாவி எங்க இருந்துச்சு?"

"எப்பவும் இருக்கிற எடத்துல. அம்மாவோட தலகாணிக்கு அடியில."

மபாஸ் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கோடிட்டார்.

கனகம் இருபத்தாறு வருடமாகத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவள். போன வருடம் இடுப்பில் ஒரு வலி தொடங்கியது. கொழும்பில் படம் எடுத்துப் பார்த்தபோது இடுப்பெலும்புக்கு முன்னால், குடலுக்குப் பின்னால், தேங்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. மென்திசுப் புற்று என்றார்கள். பெரிய நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அதற்குள் ஓடியதால் வெட்டி எடுக்க முடியாது என்று இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் கையை விரித்துவிட்டார்கள். சாதாரணக் கதிர்வீச்சு உடம்பை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கட்டியைக் கொல்லும் அளவுக்கு அதைக் கொடுத்தால் முதலில் குடல் போய்விடும்.

மிச்சம் இருந்தது ஒரு வழி. துகள் கதிர் சிகிச்சை. அணுத் துகள்களை வேகமாக்கி உடம்புக்குள் அனுப்புவார்கள். அவை எந்த ஆழத்தில் போய் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அந்த இடத்தில் தங்கள் பலத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடும், தாண்டிப் போகாது. இலங்கையில் அந்த வசதி இல்லை. வெளிநாட்டு மையம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார்கள். சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டு அழைத்திருப்பதாகப் போன மாதம் ஐந்தாம் திகதி கடிதம் வந்தது.

இவ்வளவையும் ஜெயராசா ஒரே மூச்சில், பத்திரிகைச் செய்தி வாசிப்பவரைப் போலச் சொன்னார். அவர் தொழிற்சாலையில் தேயிலை பதனிடுவதை மேற்பார்க்கும் டீமேக்கர். கண் சிவந்திருந்தது, குரலில் எதுவும் இல்லை.

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"அஞ்சு மணிக்கு ஃபெக்டரி போனேன். லீவு போறதுக்கு முன்னாடி வேலைய ஒப்படைக்கணும். மக ஃபோன் பண்ணுனப்புறம்தான் வந்தேன்."

"வீட்டுல வேற யாரு?"

"பிரஷாந்தினி." அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். "மேல தொழிலாளர் லயத்துப் புள்ள. வீட்டு வேலைக்கு வருது. சார், ஒன்னு சொல்றேன். நாங்க போனா ரெண்டு மாசம் வேலை இருக்காதுன்னு போன கெழம சொன்னேன். மொகத்தத் தூக்கிக்கிட்டுப் போச்சு. வேற யாரும் இந்த வீட்டுக்குள்ள வரல."

பிரஷாந்தினி பின் குசினியில் சுவரோரமாக நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். காலில் செருப்பில்லை.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"அஞ்சேகால் சார். குளிக்கத் தண்ணி கொதிக்க வச்சேன்."

"பொறகு?"

"அஞ்சு முப்பத்தஞ்சுக்கு மேனுஷாக்கா தண்ணிய எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போனாங்க. நான் பால் வாங்க மேல போனேன். வந்தப்ப ஆறு மணி."

"வந்தப்ப வித்தியாசமா ஏதாவது?"

யோசித்தாள். "ஒரு நாத்தம் சார். சொப்பிங் பேக் எரிஞ்ச மாதிரி. அக்கா குப்பை போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மபாஸ் விறகடுப்பின் முன் குந்தினார். சாம்பலில் இன்னும் சூடிருந்தது. ஒரு குச்சியால் கிளறினார். சாம்பலுக்கடியிலிருந்து நகத்தளவில் ஒரு பளபளப்பான கட்டி வந்தது. உருகி இறுகிப்போன பிளாஸ்டிக். அதற்குள் வானவில் நிறத்தில் ஒரு கீற்று ஓடியது. படங்கள் பதிந்திருந்த வட்டில் மிச்சமானது அவ்வளவுதான்.

அப்படியானால் கோப்பு களவு போகவில்லை, எரிக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டை எடுத்த ஆளுக்கு அது தேவைப்படவில்லை. இந்தப் பயணம் நடக்காமல் போவதுதான் தேவைப்பட்டிருக்கிறது.

அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் இன்னொன்றும் இருந்தது. அடுப்பிலிருந்து விழுந்த ஒரு தணல் துண்டு சிமெந்துத் தரையில் நசுங்கித் தூளாகியிருந்தது. தூளின்மேல் ஐந்து விரல்களின் தடம். வெறுங்கால், வலது கால். தடத்துக்குப் பின்னால் சாம்பலில் ஒரு கோடு, யாரோ துடைப்பத்தின் நுனியை இழுத்ததைப் போல.

மபாஸ் அந்தத் தடத்தை நீண்ட நேரம் பார்த்தார். தணலை மிதிப்பவர் காலை வெடுக்கென்று எடுத்துவிடுவார். விரல் நுனி பதியும், குதி பதியாது. இங்கே குதியிலிருந்து விரல்வரை முழுப் பாதமும் அழுந்தியிருந்தது. மிதித்த ஆள் காலை எடுக்கவே இல்லை.

"காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் பிரஷாந்தினியிடம்.

அவள் புரியாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினாள். வெடிப்பு நிறைய இருந்தது. தீக்காயம் இல்லை. மேனுஷாவின் பாதத்தையும் பார்த்தார், ஜெயராசாவைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லியும் பார்த்தார். எவர் காலிலும் எதுவும் இல்லை.

காலை 9.15.

கனகம் கழுத்துவரை கம்பளி போர்த்திப் படுத்திருந்தாள். தலைமாட்டில் மருந்துப் போத்தல்கள், காலடியில் வெந்நீர்ப் பை இல்லாத வெறும் பை உறை.

"குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கிறதில்லையா?" என்று மபாஸ் மகளிடம் கேட்டார்.

"டொக்டர் வேணாம்னுட்டாரு. கட்டி நரம்ப அமுக்குறதால வலது கால் மரத்துப் போச்சு. சுட்டாக்கூட தெரியாதாம். கம்பளி சொக்ஸ்தான் போட்டுவிடுறோம்."

"நடக்கிறாங்களா?"

"நாங்க புடிச்சாத்தான். ரெண்டு தடவ விழுந்துட்டாங்க."

மபாஸ் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"மருந்து குடிச்சா அசந்து தூங்கிடுவேன்."

"தலகாணிக்கு அடியில கைய விட்டுச் சாவிய எடுத்திருக்காங்க. திரும்பவும் வச்சிருக்காங்க. முழிக்கலையா?"

"இல்ல."

"ஃபைல் போனது உங்களுக்குக் கவலையா இல்லையா?"

கனகம் கூரையைப் பார்த்தாள். "கவலைப்பட்டு என்ன சார் பண்றது. ஒரு வருசமா எல்லாரும் பட்டாச்சு."

அனுமதிக் கடிதத்தின் படம் மேனுஷாவின் தொலைபேசியில் இருந்தது. அதைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னார் மபாஸ். கடிதத்தில் பிழையே இல்லாத ஆங்கிலம். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், செவ்வாய்க்கிழமை கதிர் சிகிச்சை ஆரம்பம், பதினாறு நாள்.

"இந்தக் கடிதம் எப்படி வந்துச்சு?"

"அம்மாவோட ஈமெயிலுக்கு. அப்பா கையில வச்சுப் பார்க்கணும்னு சொன்னதால அம்மாதான் பிரிண்ட் எடுத்துட்டு வான்னு என்னை அனுப்புனாங்க." அவள் தயங்கினாள். "எனக்குப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு சார். அம்மாவோட போனா அது போயிடும். அதனால என்னையும் சந்தேகப்படுவீங்கன்னு தெரியும். நானே சொல்லிட்டேன்."

மபாஸ் தலையசைத்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

வாசலில் ஜெயராசா மறித்தார். "சார், அந்தப் புள்ளைய விசாரிக்காமப் போறீங்களா?"

"வாக்குமூலம் எடுக்கணும். ஸ்டேசனுக்கு வரச் சொல்றேன்."

பிரஷாந்தினி ஜீப்பில் ஏறினாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலைச்சரிவில் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

காலை 11.05. பதுளை.

சுலோஜனா, பதுளை வைத்தியசாலையின் கதிர்வீச்சுப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். துகள் கதிரைப் பற்றிக் கனகத்துக்கு முதலில் சொன்னது அவர்தான். மபாஸ் நீட்டிய தொலைபேசியில் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இதை எந்த மையத்திலையும் எழுதியிருக்க மாட்டினம்."

"ஏன் மிஸ்?"

"திங்கள் போய்ச் செவ்வாய் கதிர் குடுக்கேலாது. ஆளைப் படுக்க வைச்சு, அசையாமல் பிடிக்கிற அச்சு ஒண்டு உடம்புக்கு அளவா வார்க்கவேணும். அந்த அச்சுக்குள்ளை வைச்சுத் திரும்பவும் படம் எடுக்கவேணும். பிறகு எத்தினை மில்லிமீற்றரிலை கதிர் நிக்கவேணும் எண்டு கணக்குப் பாக்கவேணும். ஒரு கிழமை, ரெண்டு கிழமை பிடிக்கும். உது ஒண்டும் இதிலை இல்லை." கடிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். "எழுதினது டொக்டர் இல்லை. நல்ல ஆங்கிலம் தெரிஞ்ச ஆள். கதிரைப் பற்றித் தெரியாத ஆள்."

மபாஸ் அதை எழுதிக்கொண்டார். "அந்த மையம் இவங்கள மறுக்கிறதா இருந்தா என்ன காரணம் இருக்கலாம்?"

"கட்டி குடலோடை ஒட்டினால் மறுப்பினம். கதிர் குடலுக்கு முன்னாலை நிக்கவேணும். நடுவிலை கொஞ்சமாவது இடைவெளி இருந்தால்தானே நிக்கலாம்." சுலோஜனாவின் குரல் தணிந்தது. "கனகம் ரீச்சர் போன மாசம் மூண்டாம் திகதி எனக்கு ஃபோன் எடுத்தவ. இதைத்தான் கேட்டவ. ஒட்டிப்போனால் வேற வழி இருக்கோ எண்டு. நான் இல்லை எண்டனான். சும்மா கேட்கிறா எண்டு நினைச்சன்."

அனுமதிக் கடிதம் வந்ததாகக் கனகம் வீட்டில் சொன்னது ஐந்தாம் திகதி.

மபாஸ் வெளியே வந்து ஜீப்பருகே நின்றார். காலையில் அந்த வீட்டில் எல்லோருடைய கால்களையும் பார்த்திருந்தார். ஒருவருடைய கால்களைத் தவிர.

பகல் 12.40.

ஜீப் மறுபடியும் அந்தக் குடியிருப்பின் முன் நின்றது. பிரஷாந்தினியை அதிலேயே உட்காரச் சொல்லிவிட்டு மபாஸ் உள்ளே போனார். கனகத்துடன் தனியாகப் பேச வேண்டும் என்றார். மேனுஷாவும் ஜெயராசாவும் முன் அறைக்குப் போனார்கள்.

"டீச்சர், வலது கால் சொக்ஸைக் கழட்டுவீங்களா?"

கனகம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து, கம்பளியை விலக்கி, காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தாள். சொக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது தோலும் கொஞ்சம் வந்தது. பாதத்தின் நடுவில் ரூபாய் நாணயக் குற்றி அளவில் வெந்து, ஓரத்தில் கரி படிந்திருந்தது.

அவள் அந்தப் புண்ணை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். "சுட்டதே தெரியல" என்றாள்.

"களவெடுத்தவன் சாவியத் திரும்பத் தலகாணிக்கு அடியில வச்சு, அலுமாரியையும் பூட்டிட்டுப் போகமாட்டான்" என்றார் மபாஸ். "வருசக்கணக்கா அந்தச் சாவிய அந்த எடத்துல வைக்கிற கைதான் யோசிக்காம வைக்கும். மக குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. பிரஷாந்தினி பால் வாங்கப் போயிருந்துச்சு. நீங்க சொக்ஸ் வழுக்கும்னு கழட்டிட்டு, செவரப் புடிச்சுக்கிட்டு அடுப்புவரைக்கும் போனீங்க. வலது கால இழுத்த கோடு சாம்பல்ல இருக்கு. ஃபைல உள்ள தள்ளும்போது ஒரு தணல் கீழ விழுந்திருக்கு. அத முழுப் பாதத்தால மிதிச்சிட்டு அப்படியே நடந்து வந்து, திரும்பவும் சொக்ஸப் போட்டிருக்கீங்க. இந்த வீட்டுல அப்படி மிதிக்கக்கூடிய கால் ஒன்னுதான். நடக்கிறவங்க கால மட்டும் பார்த்தது என்னோட தப்பு."

கனகம் தலையை அசைத்தாள்.

"கடிதமும் நீங்க எழுதினதுதான்."

"ஆமாங்க."

"உண்மையான பதில் என்ன?"

"கட்டி குடல்ல ஒட்டிடுச்சாம். கதிர் குடுத்தா குடல் ஓட்டையாகிடுமாம். வருந்துகிறோம்னு போட்டிருந்தாங்க." கனகம் சொக்ஸைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு நாள் யாருக்கும் சொல்லல. மூணாம் நாள் சாயங்காலம் அவரு வந்து, பதில் வந்துச்சான்னு கேட்டாரு. அஞ்சு மாசமாச் சவரம் பண்ணாத மொகம். வந்துச்சு, கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னேன். அன்னைக்கு ஒரு ராத்திரி அவரு தூங்கட்டும், காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சேன். காலையில பார்த்தா சவரம் பண்ணிட்டு நிக்கிறாரு. ஃபெக்டரி முழுக்கச் சொல்லிட்டாரு."

"பிறகு கடிதம் கேட்டாரு."

"கடிதம் கேட்டாரு, எழுதினேன். விசாவுக்கு நாள் எடுத்தாரு. தூதரகத்துல அந்தக் கடிதத்தப் பார்த்து மையத்துக்குப் போன் பண்ணுனா அவரு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சுடும். பாஸ்போட் இல்லாட்டி நேர்முகம் தள்ளிப் போகும். புதுசு எடுக்க நாளாகும். அதுக்குள்ள நான் போயிடுவேன்னு கணக்குப் போட்டேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இத யாருக்கும் சொல்லாம விட்டுருங்க சார். பாஸ்போட் தொலைஞ்சு போச்சுன்னே இருக்கட்டும்."

"பிரஷாந்தினி வெளிய ஜீப்புல இருக்கு டீச்சர்."

கனகத்தின் கை புண்ணின்மேல் நின்றது. "எதுக்கு?"

"உங்க வீட்டுக்காரரு அதுதான் எடுத்துச்சுன்னு சொல்றாரு. தோட்டத்துல எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கிறப்பதான் ஏத்திக்கிட்டுப் போனேன்."

வெளியே கோழி ஒன்று கத்தியது. கனகம் காலைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அந்தப் புள்ளைய உள்ள கூப்பிடுங்க" என்றாள். "அவரையும் மகளையும் கூப்பிடுங்க. நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்."

சொன்னாள். நாலு வசனத்தில் முடிந்தது. மேனுஷா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயராசா கட்டிலருகே வந்தார். தரையில் உட்கார்ந்தார். மனைவியின் காலைப் பார்த்தார், மருந்துப் பெட்டியை எடுத்து வரும்படி மகளிடம் சைகை காட்டினார். பஞ்சால் கரியைத் துடைத்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார், காலைப் பார்த்தபடியே. "நானும் நம்பல கனகம். நம்பினா நல்லா இருக்கும்னு நம்பினேன்."

பிரஷாந்தினி வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். ஜெயராசா எழுந்து அவளிடம் போனார். "தப்பா சொல்லிட்டேன் புள்ள. மனசுல வச்சுக்காத."

"இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் ஐயா" என்றாள் அவள். "நான் ஜீப்புல போனத கொழுந்துக் காட்டுல அத்தன பேரும் பார்த்தாங்க. என் புருசன் காதுக்கும் போயிருக்கும். லயத்துல வந்து சொல்லுங்க."

பிற்பகல் நாலு மணிக்கு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் கூடைகளோடு வரிசையாக நின்றபோது ஜெயராசா போனார். இந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன் என்றார். தராசுக்காரர் அடுத்த கூடையை மாட்டினார். பிரஷாந்தினி மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள்.

மபாஸ் அறிக்கையில் இரண்டு வரி எழுதினார். கோப்பு வீட்டுக்குள்ளேயே எரிந்துவிட்டது. களவு நடக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து வேறொரு வேலையாக அவர் பதுளை வைத்தியசாலைக்குப் போனார். கதிர்வீச்சுப் பிரிவின் முன் வாங்கில் கனகமும் ஜெயராசாவும் உட்கார்ந்திருந்தார்கள். நோயைக் குணப்படுத்த அல்ல, வலியைக் குறைக்கச் சாதாரணக் கதிர் பத்து நாள் கொடுக்கலாம் என்று சொல்லி, வைத்தியரிடம் சுலோஜனா ஒழுங்கு செய்திருந்தார். அன்று பத்தாவது நாள். மேனுஷா படிப்புக்குப் போய்விட்டாள், கனகம்தான் அனுப்பியிருந்தாள்.

"எப்படி இருக்கீங்க டீச்சர்?"

"வலி பாதி இல்ல. ராத்திரி தூங்குறேன்." கனகம் கைகளை மடியில் கோத்திருந்தாள். "மத்தபடி ஒன்னும் தோணல சார். பயமும் இல்ல, அழுகையும் வரல. அவரும் அப்படித்தான் இருக்காரு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கோம்."

ஜெயராசா அதை ஆமோதிப்பதுபோலத் தலையை அசைத்தார்.

"ஆனா பசிக்குது" என்றாள் கனகம்.

ஜெயராசா அவளைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வேணும்?"

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், நெடுநேரம் யோசித்தாள்.

"ரொட்டியும் கட்டச் சம்பலும். சம்பல் உறைப்பா இருக்கணும்."

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே கடையைத் தேடிப் போனார்.